மாயா நகரங்களுக்கு வழிகாட்டியோடு போவது: எந்த டூரை எடுக்கலாம், எதை விடலாம்?

நித்யா (கேள்வி)

பிப்ரவரி கடைசியில் மெக்சிகோ போகிறோம். கான்கூனில் இறங்கி, அங்கிருந்தே திரும்புகிறோம். நடுவில் முழுதாக 11 நாள். நானும் கணவரும், 68 வயது அம்மா, 13 வயது மகன் என்று நான்கு பேர். அம்மாவுக்கு மூட்டுவலி, சமதரையில் மெதுவாக இரண்டு மூன்று மணி நேரம் நடப்பார், படி ஏற முடியாது. அம்மாவும் நானும் சைவம். கடற்கரையில் படுத்திருக்கப் போகவில்லை, மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் மாயா மக்கள் கட்டிய பழைய நகரங்களைப் புரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

இப்போது இரண்டு விளம்பரங்கள் கையில் இருக்கின்றன. ஒன்று, கான்கூனிலிருந்து ஒரே நாளில் சிச்சென் இட்சா, ஒரு சேனோட்டே (சுண்ணாம்புப் பாறை இடிந்து உண்டான இயற்கை நீர்க்கிணறு), வயதோலித் ஊர், மதியச் சாப்பாடு. விலை மிகக் குறைவு. இன்னொன்று, 8 நாளில் மூன்று நாடுகள்: சிச்சென் இட்சா, துலும், பலெங்கே, குவாத்தமாலாவில் திகால், ஹோண்டுராஸில் கோபன்.

இதில் எது தேறும்? நல்ல வழிகாட்டியை எப்படி அடையாளம் காண்பது? மகனுக்கு பெலீஸில் உள்ள எலும்புக்கூடு குகைக்குப் போக ஆசை. அது 13 வயதுக்குச் சரிப்படுமா?

கல்தூண்

விளம்பரத்தில் எத்தனை இடங்கள் என்று எண்ணாதீர்கள். எத்தனை மணிக்கு வாசலில் இறக்கிவிடுவார்கள், உள்ளே எத்தனை மணி நேரம், அதில் வழிகாட்டி கூடவே இருப்பது எவ்வளவு நேரம், இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். பதில் வராத நிறுவனத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

முதல் பேக்கேஜை எடுத்துக்கொள்வோம். கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா சுமார் 200 கிலோமீட்டர், நேராகப் போனாலே இரண்டரை மணி நேரம். ஆனால் மலிவு பஸ் நேராகப் போகாது. ஒன்றரை மணி நேரம் ஹோட்டல் ஹோட்டலாக ஆள் ஏற்றும், வழியில் ஒரு நினைவுப்பொருள் கடையில் நிற்கும், சில பஸ்கள் சேனோட்டேயையும் சாப்பாட்டையும் முதலில் முடித்துவிடும். வாசலுக்கு வரும்போது வெயில் உச்சியில் இருக்கும். உள்ளே இரண்டு மணி நேரம் தருவார்கள், அதில் விளக்கம் முக்கால் மணி. மைதானத்தில் நிழல் கிடையாது, அம்மாவுக்கு இது ஆகவே ஆகாது.

விலையிலும் ஒரு விஷயம் உண்டு. "நுழைவுக் கட்டணம் தனி" என்ற வரியைத் தேடிப் பாருங்கள். சிச்சென் இட்சாவில் மத்திய தொல்லியல் நிறுவனத்துக்கு ஒரு சீட்டு, யூகடான் மாநிலத்துக்கு ஒரு சீட்டு என்று இரண்டு கட்டணம். மாநிலத்தின் பங்குதான் பெரிது. மலிவு டூர்களில் இதை பஸ்ஸுக்குள் "வரி" என்று சொல்லி ரொக்கமாக வசூலிப்பார்கள். எல்லாம் சேர்த்துக் கூட்டினால் மலிவாக இருக்காது.

நேர வித்தியாசத்தையும் கவனியுங்கள். கான்கூனும் துலுமும் இருக்கும் கின்டானா ரூ மாநிலம், சிச்சென் இட்சாவும் மெரிடாவும் இருக்கும் யூகடானைவிட ஒரு மணி நேரம் முந்தியது. காலையில் போகும்போது ஒரு மணி நேரம் லாபம், மாலையில் திரும்பும்போது நஷ்டம். விளம்பரத்தில் "காலை 10 மணிக்கு வருகை" என்று இருந்தால் எந்த ஊர் 10 மணி என்று கேளுங்கள்.

நான் சொல்வது இது. கான்கூனில் தங்காமல் வயதோலித்தில் இரண்டு இரவு தங்குங்கள். அங்கிருந்து சிச்சென் இட்சா முக்கால் மணி நேரம்தான். வாசல் 8 மணிக்குத் திறக்கிறது. 7:45க்கே வரிசையில் நின்றுவிட்டால், பெரிய பஸ்கள் வந்து சேர்வதற்குள் இரண்டு மணி நேரம் இடம் கிட்டத்தட்ட உங்களுடையது. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மெக்சிகோ நாட்டவருக்கு அன்று மத்திய நிறுவனத்தின் கட்டணம் கிடையாது, கூட்டம் தாங்காது.

அம்மாவுக்கு சிச்சென் இட்சா நல்ல இடம். பாதை மண்ணும் சரளையுமாக இருந்தாலும் தரை சமம். குகுல்கான் பிரமிடின் மேல் ஏற 2006 முதல் யாருக்கும் அனுமதி இல்லை, ஆகவே "நான் மட்டும் கீழே நிற்கிறேனே" என்ற வருத்தமும் அவருக்கு வராது. பக்கத்துக்கு 91 படி, நான்கு பக்கம், உச்சி மேடை ஒன்று, ஆக 365. அதைக் கீழிருந்தே எண்ணலாம். வடக்குப் படிக்கட்டின் முன்னால் நின்று கை தட்டினால் எதிரொலி கெட்சால் பறவையின் கூவல் போலத் திரும்பி வரும். பையனுக்குப் பிடிக்கும்.

டூரில் தென்பகுதி உண்டா என்று கட்டாயம் கேளுங்கள். அவசர டூர்கள் பிரமிடு, பந்தாட்டக்களம், புனிதக் கிணறு என்று வடக்கே சுற்றிவிட்டு முடித்துக்கொள்ளும். காரகோல் என்ற வட்டவடிவ வானியல் கட்டடமும், லாஸ் மோன்ஹாஸ் வளாகமும் தெற்கே இருக்கின்றன. சுவர் முழுக்கச் சாக் என்ற மழைத்தெய்வத்தின் முகம், சுருண்ட நீள மூக்கோடு, அடுக்கடுக்காகச் செதுக்கியிருக்கும். கூட்டமும் அங்கே பாதிதான்.

ஓலைச்சுவடி

வழிகாட்டி பற்றி நான் சொல்கிறேன். மெக்சிகோவில் முறையான வழிகாட்டிக்கு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் அடையாள அட்டை உண்டு, கழுத்தில் தொங்கும். படம், எண், எந்த மொழிகளுக்கு அனுமதி, எந்தத் தேதி வரை செல்லும் என்று எல்லாம் அதில் இருக்கும். தொல்லியல், பண்பாட்டு இடங்களில் விளக்கம் சொல்பவருக்குரிய விதி நோம்-08. மலையேற்றம், குகை போன்றவற்றுக்கு நோம்-09. பஸ்ஸில் மைக் பிடித்து வருபவர் பெரும்பாலும் ஒருங்கிணைப்பாளர்தான். தளத்துக்குள் விளக்கம் தரப்போவது யார், அவருக்கு ஆங்கிலத்துக்கு அனுமதி உண்டா என்று முன்பதிவின்போதே கேளுங்கள். "இருமொழி டூர்" என்றால் ஒவ்வொரு வாக்கியமும் ஸ்பானிஷில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை; ஒரு மணி நேர விளக்கம் அரை மணியாகிவிடும்.

நான்கு பேர் என்றால் தளத்தின் வாசலிலேயே தனி வழிகாட்டியை அமர்த்துவது நல்லது. கட்டணம் ஆளுக்கு இல்லை, குழுவுக்கு. பேசும்போதே நேரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்: "இரண்டு மணி நேரம், தென்பகுதியும் சேர்த்து, மெதுவாக நடப்போம்."

அமர்த்துவதற்கு முன் ஐந்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். பந்தாட்டத்தில் ஜெயித்தவரைப் பலி கொடுத்தார்களா, தோற்றவரையா என்று கேளுங்கள். "ஜெயித்தவரைத்தான், அது கௌரவம்" என்று அடித்துச் சொல்பவர் ஒரே கதையை எல்லாக் குழுவுக்கும் ஒப்பிப்பவர். கல்லில் என்ன இருக்கிறது? களத்தின் பக்கச்சுவர் அடியில் நீளமான புடைப்புச் சிற்பம். தலை வெட்டப்பட்ட ஆட்டக்காரர் மண்டியிட்டிருக்கிறார், கழுத்திலிருந்து பீறிடும் குருதி பாம்புகளாக நெளிகிறது. எதிரில் நிற்பவர் கையில் கத்தி, இன்னொரு கையில் தலை. யார் ஜெயித்தவர் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. நல்ல வழிகாட்டி உங்களைச் சிற்பத்தின் முன் நிறுத்தி, தெரிந்தது இவ்வளவு, மீதி ஊகம் என்பார்.

இன்னொரு கேள்வி: "மாயாக்கள் எங்கே மறைந்தார்கள்?" சரியான பதில், "மறையவில்லை." பல நகரங்கள் 9ஆம் நூற்றாண்டை ஒட்டிக் கைவிடப்பட்டன, மக்கள் போகவில்லை. இன்றும் சுமார் 30 மாயா மொழிகள் பேசப்படுகின்றன. யூகடானில் பல வழிகாட்டிகளுக்கு வீட்டுமொழியே மாயாதான். அப்படிப்பட்டவர் கிடைத்தால் விடாதீர்கள். இடப்பெயர், செடிப்பெயர், சமையல் பெயர் எல்லாம் அவர் வாயில் உயிரோடு வரும். "பிஷ் ஆ பேல்?" என்றால் எப்படி இருக்கிறீர்கள், "மாலோப்" என்றால் நலம். மகனுக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள், வழிகாட்டியின் முகம் மாறும்.

பிரமிடுக்குள் அழைத்துப் போகிறேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். குகுல்கான் பிரமிடுக்குள் பழைய பிரமிடு ஒன்றும், பச்சைக்கல் பதித்த சிவப்புச் சிறுத்தை ஆசனமும் இருப்பது உண்மை. ஆனால் அது பொதுமக்களுக்கு மூடப்பட்டிருக்கிறது.

இருக்கும் நாட்களில் மெரிடாவுக்கு நான்கு இரவு ஒதுக்குங்கள். ஊஷ்மால் அங்கிருந்து சுமார் 80 கிலோமீட்டர். சிச்சென் இட்சாவைவிட அழகான ஊர் என்பேன், அதில் எனக்குத் தயக்கமே இல்லை. ஆளுநர் மாளிகையின் முகப்பு ஏறக்குறைய 100 மீட்டர் நீளம். ஆயிரக்கணக்கில் தனித்தனியாக வெட்டிய கற்களைப் பொருத்திப் பொருத்தி ஒரே கோலமாக ஆக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆறும் இல்லை, சேனோட்டேயும் இல்லை. மழைநீரைச் சுல்துன் என்ற நிலத்தடித் தொட்டிகளில் பிடித்து வாழ்ந்த ஊர். சுவரெங்கும் மழைத்தெய்வம் ஏன் என்று அங்கே போனால் புரியும். ஊஷ்மாலில் ஏற்ற இறக்கம் உண்டு, அம்மா கன்னிமாட நாற்கட்டு (நான்கு பக்கமும் கட்டடம் சூழ்ந்த முற்றம்) வரை வந்து உட்கார்ந்துகொள்ளலாம்.

அதே வழியில் கபா, சாயில், லப்னா என்ற மாயா இடிபாடுகள். பஸ் வசதி மிகக் குறைவு என்பதால் இங்கேதான் காரும் வழிகாட்டியும் சேர்ந்த தனி டூருக்குக் காசு கொடுப்பது நியாயம். கபாவில் ஒரே கட்டடத்தின் முகப்பில் சுமார் 250 சாக் முகங்கள். திரும்பும் வழியில் மானி ஊரையும் சேர்க்கச் சொல்லுங்கள். 1562இல் தியேகோ தே லாந்தா என்ற பாதிரியார் மாயா ஏடுகளைக் கொளுத்தியது அங்கேதான். இன்று உலகில் எஞ்சியிருப்பவை நான்கே நான்கு. ஏட்டின் அருமை தெரிந்தவர்கள் அந்த மடத்தின் முற்றத்தில் சற்று நிற்காமல் வர முடியாது.

மெரிடாவில் மாயா உலகப் பெரிய அருங்காட்சியகத்துக்கு அரைநாள் வையுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை. குளிரூட்டிய கட்டடம், அம்மாவுக்கும் ஓய்வு.

பச்சைக்காடு

மூன்று நாட்டு பேக்கேஜைப் பற்றி ஒன்று சொல்கிறேன். வரைபடத்தை எடுத்து வைத்துக் கணக்குப் போடுங்கள். மெரிடாவிலிருந்து பலெங்கே 7, 8 மணி நேரம். பலெங்கேயிலிருந்து ஊசுமசிந்தா ஆற்றைப் படகில் கடந்து குவாத்தமாலாவின் ஃப்ளோரெஸ் ஊர் போகப் பகல் முழுக்க. ஃப்ளோரெஸிலிருந்து கோபன் இன்னொரு முழுப்பகல். கோபனிலிருந்து திரும்பும் வழி தனி. 8 நாளில் பாதி நாள் வேனில். மூட்டுவலி உள்ளவரை அப்படி உட்கார வைத்தால் இறங்கும்போது நடக்க முடியாது. அதை எடுக்காதீர்கள்.

பலெங்கே அருமையான இடம், மறுக்கவில்லை. 1952இல் தொல்லியலாளர் ஆல்பெர்ட்டோ ரூஸ், பகால் மன்னனின் கல்லறையைக் கண்டது அங்கேதான். ஆனால் கல்லறை இருக்கும் கல்வெட்டுக் கோயிலுக்குள் இப்போது போக முடியாது. ஊசுமசிந்தா ஆற்றங்கரையில் உள்ள யஷ்சிலான் என்ற மாயா நகரத்துக்குச் சாலையே இல்லை, ஃப்ரோன்டேரா கொரோசால் ஊரிலிருந்து படகில் முக்கால் மணி நேரத்துக்கு மேல். நுழைவே ஓர் இருட்டுச் சுரங்கப்பாதை, வௌவால் இருக்கும், டார்ச் வேண்டும். புகழ்பெற்ற வாசல் உத்திரக் கற்கள் சில லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன, அதையும் தெரிந்துகொண்டு போக வேண்டும். பலெங்கே இருக்கும் சியாபாஸ் மாநிலச் சாலைகளில் மறியல் அடிக்கடி நடக்கும். "பாதை மூடினால் என்ன செய்வீர்கள், பணம் திரும்ப வருமா" என்று எழுதிக் கேட்காமல் அந்தப் பக்கம் எந்த டூரும் பதியக்கூடாது.

இரண்டாவது நாடு ஒன்று வேண்டுமென்றால் திகால் மட்டும். விமானத்தில் குவாத்தமாலா சிட்டி, அங்கிருந்து ஃப்ளோரெஸுக்கு ஒரு மணி நேர விமானம். மூன்று இரவாவது வேண்டும், மெரிடா நாட்களில் இரண்டைக் குறைக்க வேண்டிவரும்.

திகாலுக்கு எந்த டூர் என்பதில் பலர் ஏமாறுவது சூரியோதய டூரில். ஃப்ளோரெஸிலிருந்து விடியற்காலை 3 மணிக்குக் கிளம்ப வேண்டும். 6 மணிக்கு முன் உள்ளே போக வழிகாட்டி கட்டாயம். வெளிநாட்டவருக்கு 150 கெட்சால் (குவாத்தமாலா நாணயம்) நுழைவோடு கூடுதலாக 100 கெட்சால். நான்காம் கோயில் சுமார் 65 மீட்டர் உயரம், மரப்படிக்கட்டில் ஏறி உட்கார்ந்தால் பெரும்பாலான நாட்களில் தெரிவது பனிமூட்டம். சூரியன் தெரியாது. ஆனால் ஊளைக்குரங்குகள் காட்டின் ஒரு மூலையில் தொடங்கி மறுமூலை வரை கத்தும், அது காதுக்குக் கிடைக்கும். ஒலிக்காகப் போகலாம், படத்துக்காகப் போகாதீர்கள். உங்கள் குடும்பத்துக்கு என்றால் பூங்காவுக்குள் இருக்கும் விடுதியில் ஓர் இரவு தங்கி, 6 மணிக்குச் சாதாரணச் சீட்டில் நுழைவதுதான் சரி. வழிகாட்டியிடம் இன்குவாட் என்ற சுற்றுலாக் கழகத்தின் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நுழைவுச்சீட்டில் பெயர் பதிவார்கள், ஆகவே பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். சுங்கச்சாவடி மாதிரியான முதல் வாசல், இடிபாடுகளுக்கு 17 கிலோமீட்டர் முன்னாலேயே இருக்கிறது. சீட்டை அங்கே காட்ட வேண்டும், "உள்ளே போய் வாங்கிக்கலாம்" என்று போகக்கூடாது.

உள்ளே நடை அதிகம், வேர்களும் வழுக்கும் சுண்ணாம்புக் கல்லும். அம்மா பெரிய சதுக்கம் வரை வந்தால் முதல் கோயிலும் இரண்டாம் கோயிலும் எதிரெதிரே நிற்பதை நிழலில் உட்கார்ந்தே பார்க்கலாம். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் குறையாமல்.

நித்யா

மூன்று பேருக்கும் நன்றி. மூன்று நாட்டு பேக்கேஜை விட்டாயிற்று. வயதோலித் 3 இரவு, மெரிடா 5 இரவு, கடைசியில் துலும் பக்கம் 2 இரவு என்று யோசிக்கிறோம். திகால் இந்த முறை இல்லை. குகையையும் சைவச் சாப்பாட்டையும் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

நீர்க்குகை

நீங்கள் கேட்பது ஆக்துன் துனிசில் முக்னல், சுருக்கமாக ஏடிஎம். பெலீஸின் சான் இக்னாசியோவிலிருந்து போவார்கள். உங்கள் திட்டத்தில் அதற்கு இடமில்லை. கான்கூனிலிருந்து ஒரு நாளில் போய்வரும் தூரம் இல்லை. அடுத்த பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், அதுவரை தம்பி நீச்சல் பழகட்டும்.

ஏனென்றால் குகை வாசலே ஆழமான நீர்க்குளம், நீந்தித்தான் நுழைய வேண்டும். அதற்கு முன் காட்டில் முக்கால் மணி நடை, மூன்று முறை ஆற்றைக் கடக்க வேண்டும். உள்ளே கழுத்தளவு தண்ணீரில் பாறை இடுக்கு வழியாகத் தலையைச் சாய்த்துப் போகும் இடம் உண்டு. மேலே உலர்ந்த அறைக்கு ஏறியதும் காலணியைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு நடக்க வேண்டும். வெறுங்காலின் எண்ணெய்ப்பசை சுண்ணாம்புப் படிவத்தைக் கெடுக்கும் என்பதால் அந்த விதி. சாக்ஸ் மறந்தவர்களை அறைக்குள் விடமாட்டார்கள். பானைகள் தரையோடு ஒட்டிக் கிடக்கும், கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அடி வைத்தால் ஆயிரம் ஆண்டுப் பழைய ஓடு உடையும். 2012இல் ஒருவர் கையிலிருந்த கேமரா விழுந்து மண்டையோடு ஒன்று உடைந்தது, அன்று முதல் கேமராவுக்கு முழுத் தடை. கைபேசியும் தலையில் மாட்டும் கேமராவும் அதில் சேரும். படம் எடுக்க ஏற்பாடு செய்கிறேன் என்பவரோடு போகவே கூடாது.

உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் அனுமதி இல்லை. ஒரு வழிகாட்டிக்கு 8 பேர் வரைதான். பதியும்போது "எங்கள் குழுவில் எத்தனை பேர்" என்று கேளுங்கள், ஆள் குறையக் குறைய நல்லது. முந்தின இரவு பெருமழை பெய்தால் ஆறு பெருகி மூடிவிடுவார்கள், ஆகவே சான் இக்னாசியோவில் ஒரு உபரி நாள் வேண்டும். கண்ணாடி அணிபவர் பின்பக்கம் கட்டும் பட்டை கொண்டுபோக வேண்டும். நீந்தத் தெரிந்த, இருட்டுக்கு அஞ்சாத 13 வயதுப் பையனுக்குச் சரிப்படும். பாட்டிக்கு அந்த நாளில் ஷுனான்துனிச் என்ற மாயா இடிபாடு. மோபான் ஆற்றைக் கடந்து போக வேண்டும்; கையால் சுற்றும் இரும்புக்கயிற்றுத் தோணிதான் நெடுங்காலம் காரோடு ஏற்றிச் சென்றது.

மிளகுத்தண்ணி

சாப்பாட்டுக்கு வருகிறேன். "சைவம்" என்று சொன்னால் போதாது. வறுத்து மசித்த பீன்ஸில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், சோற்றை கோழிச்சாற்றில் வேகவைப்பார்கள். பார்ப்பதற்கு இரண்டும் சைவம் போலவே இருக்கும். கேட்க வேண்டிய வரிகள்: "சின் மன்தேகா" என்றால் பன்றிக்கொழுப்பு இல்லாமல், "சின் கால்தோ தே போயோ" என்றால் கோழிச்சாறு இல்லாமல், "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ" என்றால் இறைச்சி, கோழி, மீன் இல்லாமல். "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும். அங்கே கார்னே என்றால் பெரும்பாலும் மாட்டிறைச்சி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

யூகடானில் தைரியமாகக் கேட்கக்கூடியது சிகில் பாக். பூசணிவிதையை வறுத்து அரைத்து, சுட்ட தக்காளியோடு கலந்த துவையல். நம் எள்ளுத் துவையலின் பங்காளி போல இருக்கும். சாயா என்ற கீரையும் உண்டு. அதைச் சமைத்துத்தான் தின்ன வேண்டும், பச்சையாக வேண்டாம். பாபட்சூல் என்ற சோள அடைச் சுருள் முட்டை சேர்ந்தது, சாப்பிடுவீர்களா என்பது உங்கள் வழக்கம். ஆபனேரோ மிளகாய்ச் சட்னியை ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள், நம்மூர்ப் பச்சைமிளகாயைவிடப் பலமடங்கு காரம்.

வேறு இரண்டு சொல்லிவிடுகிறேன். சேனோட்டேயில் இறங்கும் முன் குளிக்கச் சொல்வார்கள், சன்ஸ்கிரீன் பூசியவரை இறக்கமாட்டார்கள். நிலத்தடி நீர் முழுக்க ஒன்றோடொன்று தொடர்புடையது. வெயிலுக்கு நீளக்கை பருத்திச் சட்டையும் அகல விளிம்புத் தொப்பியுமே போதும். துலும் இடிபாடுகளுக்கு இப்போது பல கட்டணங்கள் தனித்தனியாக வாங்குகிறார்கள், வாகனம் நிற்கும் இடத்திலிருந்து நடையும் கூடியிருக்கிறது. சாலையோரத்திலேயே மேலங்கி போட்டு "இங்கேதான் சீட்டு" என்று காரை மறிப்பவர்களிடம் வாங்காமல், உள்ளே அரசுக் கவுண்டர் வரை போய் வாங்குங்கள். பெசோவாகச் சில்லறை வைத்திருங்கள், அட்டை இயந்திரம் வேலை செய்யாத நாட்கள் உண்டு.

கல்தூண்

நித்யா, 5 இரவு மெரிடா நல்ல முடிவு. ஒரே ஒரு திருத்தம்: வயதோலித்துக்குக் கான்கூனிலிருந்து போகும் அதே நாளில் எதையும் பதியாதீர்கள். இறங்கிய மறுநாள் காலை சிச்சென் இட்சா, அதற்கு அடுத்த நாள் அம்மாவுக்கு ஓய்வு. நீங்கள் மூவர் மட்டும் ஏக் பாலம் என்ற மாயா இடிபாட்டுக்குப் போய் மதியத்துக்குள் திரும்பலாம். அங்கே மேட்டுக்கோயிலின் வாசல் பல் விரித்த பூதத்தின் வாய் மாதிரி இருக்கும். சுண்ணாம்புச் சாந்துச் சிற்பம் அத்தனை நூற்றாண்டு கழித்தும் முகம் கெடாமல் நிற்கிறது. ஏறுவதற்கு அன்று அனுமதி உண்டா என்று வாசலில் கேட்டுவிட்டு சீட்டு வாங்குங்கள்.